பழைய தாளும் புதிய பணமும்



அண்மையில் நடந்த பெற்றோர் சந்திப்பில், பிள்ளைகளின் தேர்ச்சியைப் பற்றித் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ சுற்றி இறுதியில் பணத்தில் வந்து நின்றது. பெற்றோர் சந்திப்பில் அஃது இயல்புதானே! ஒரு தந்தையார் கேட்டார்: “ஐயா, இப்போது பலகாரக் கடையில்கூடக் கைப்பேசியைக் காட்டிப் பணம் கட்டுகிறோம். கைப்பேசியில் இருப்பதும் பணம்தான், சட்டைப்பையில் இருப்பதும் பணம்தான். பிறகு எதற்காக அரசாங்கங்கள் மின்னிலக்க நாணயம் என்று புதிதாக ஒன்றைச் செய்கின்றன?” நல்ல கேள்வி. அன்று நேரமில்லாததால் சுருக்கமாகவே விடை கூற முடிந்தது. விரிவான விடையை இங்கே எழுதுகிறேன். இதற்கு விடைகாண வேண்டுமாயின் கணினியைவிட வரலாறே அதிகம் துணைசெய்யும் என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு பத்து ரிங்கிட் தாளை எடுத்துப் பாருங்கள். இத்தாள் தன் மதிப்பிற்குச் சட்டப்படி செல்லும் என்று மலாய்மொழியில் அச்சிட்டுப் பேங்க் நெகாரா ஆளுநர் கையொப்பமிட்டிருப்பார். அது மத்திய வங்கியின் பணம். நம் வங்கிக் கணக்கில் ஆயிரம் ரிங்கிட் இருக்கிறதென்றால், அந்த ஆயிரம் அத்தகைய பணம் அன்று. அந்த வணிக வங்கி நமக்குத் தரவேண்டிய கடன். வங்கி நொடித்துப் போனால், ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 ரிங்கிட் வரை பி.ஐ.டி.எம். காப்புறுதி கைகொடுக்கும். கைப்பேசியின் மின்பணப்பையில் இருப்பதோ அந்தப் பணப்பை நிறுவனம் நமக்குத் தரவேண்டிய தொகை. அதற்கு வேறுவகைப் பாதுகாப்பு விதிகள் உண்டு, பி.ஐ.டி.எம். காப்புறுதிக்குள் அது வாராது. ஆக, பொதுமக்கள் தம் கையில் வைத்துக்கொள்ளத்தக்க மத்திய வங்கிப் பணம் தாளும் சில்லறையும் மட்டுமே. தாளின் புழக்கம் குறையக் குறைய, அரசு வெளியிட்ட பணம் மக்கள் கையைவிட்டு அகன்றுகொண்டே போகிறது. இந்தக் கவலையே மத்திய வங்கிகளை மின்னிலக்க நாணயத்தின் பக்கம் தள்ளிய காரணங்களுள் முதன்மையானது. தாளை அச்சிடும் அதே வங்கி, தாளின்றிக் கணினிக் குறியீடாக வெளியிடும் பணம் அது. அந்தத் தந்தையாரின் கேள்விக்கு நேரான விடை இவ்வளவே.

ஆயினும் வெளியிடுவது வேறு, மக்கள் ஏற்பது வேறு. அதைப் பற்றித்தான் இன்று எழுத நினைத்தேன்.

இம்முயற்சி நேற்று முளைத்ததன்று. பின்லாந்து நாட்டின் மத்திய வங்கி 1993ஆம் ஆண்டிலேயே ‘அவாந்த்’ என்னும் சில்லு அட்டையை வெளியிட்டது. பொதுத் தொலைபேசி, வண்டி நிறுத்துமிடம், தானியங்கி விற்பனைப் பொறி போன்ற சில்லறைக் காசு தேவைப்படும் இடங்களுக்கென அமைந்தது அது. பெயரோ அடையாளமோ கேட்காது. கையிலிருக்கும் நாணயத்துக்கு மிக அருகில் வந்த மின்பணம் அது என்றே சொல்வேன். 1995ஆம் ஆண்டில் மத்திய வங்கி அதனை வணிக வங்கிகளிடம் விற்றுவிட்டது. அட்டையில் பணம் நிரப்பக் கட்டணம் வந்தது; அதே காலத்தில் வங்கிகளின் சாதாரணப் பற்று அட்டைகள் மலிவாகவும் வசதியாகவும் வளர்ந்தன. 2006ஆம் ஆண்டில் அவாந்த் மறைந்தது. மறைந்ததற்காகப் பெரிதாக வருந்தியவர்கள் இருந்ததாகத் தெரியவில்லை.

நம் அண்டை நாடான சிங்கப்பூர் இன்னும் துணிவான திட்டம் வைத்திருந்தது. அங்கே 1996ஆம் ஆண்டிலேயே ‘கேஷ்கார்டு’ புழக்கத்திற்கு வந்து, 1998ஆம் ஆண்டில் மின்னியல் சாலைக் கட்டணத்திற்கும் அதுவே பயன்படலாயிற்று. அந்த நம்பிக்கையில், 2000ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூர் நாணய வாரியம் ஓர் அறிவிப்புச் செய்தது. 2008ஆம் ஆண்டுக்குள் மின்னியல் வடிவிலான சட்டப்படி செல்லும் பணத்தைக் கொண்டுவருவதே அதன் நோக்கம். அதாவது, கடைக்காரர் தாளை மறுக்க இயலாதது போலவே அந்த மின்பணத்தையும் மறுக்க இயலாது. 2002 அக்டோபர் 1 அன்று நாணய வாரியம் சிங்கப்பூர் நாணய ஆணையத்தோடு இணைக்கப்பட்டது. 2008 வந்தது, போனது. அந்தப் பணம் வரவில்லை. சிங்கப்பூர்ச் சில்லறைக் காசுகளில் நான்கு மொழிகளுள் ஒன்றாக நம் தமிழும் பொறிக்கப்பட்டிருப்பதை அறிவீர்கள். அந்த மின்பணம் வந்திருந்தால் ‘சிங்கப்பூர்’ என்ற தமிழெழுத்துகளுக்கு அதில் எங்கே இடமிருந்திருக்கும் என்று ஒரு தமிழாசிரியனாக நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

நாடு முழுமைக்குமான மின்னிலக்க நாணயத்தைப் பிற்காலத்தில் முதன்முதலில் வெளியிட்ட நாடு, பலரும் எண்ணுவதுபோல் சீனாவோ அமெரிக்காவோ அன்று. கரிபியன் வட்டாரத்திலுள்ள பகாமாசு என்னும் சிறிய தீவு நாடு. ஏறத்தாழ 700 தீவுகளும் திட்டுகளும் கொண்டது. மக்கள் வாழ்பவை முப்பது அளவே. மொத்த மக்கள் தொகை நான்கு இலட்சம். வெளித்தீவுகளில் வங்கிக் கிளை நடத்துவது இலாபமில்லை என்று வங்கிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு போயின. காசோலையை மாற்றவும் சம்பளம் எடுக்கவும் படகேறிப் போகவேண்டிய நிலை. இதற்கிடையில் 2019 செப்டம்பர் தொடக்கத்தில் ‘டோரியன்’ சூறாவளி அபாக்கோ, கிராண்ட் பகாமா ஆகிய தீவுகளைச் சிதைத்தது. வங்கிக் கட்டடமே இல்லாது போனபின் பணம் எப்படிக் கொடுப்பது, எப்படி வாங்குவது என்ற கேள்வி ஏட்டில் இருந்து வாழ்க்கைக்கு வந்துவிட்டது.

அவ்வாண்டு டிசம்பர் 27ஆம் நாள் எக்சூமா தீவுகளில் சோதனை தொடங்கிற்று. 2020 அக்டோபர் 20ஆம் நாள் நாடு முழுவதும் ‘சாண்ட் டாலர்’ வெளியிடப்பட்டது. கடற்கரை மணலில் கிடக்கும் வட்டமான, தட்டையான ஓர் உயிரியின் பெயர் அது. பெயர் வைத்தவர்க்கு நல்ல சுவை. அமைப்பிலும் சிந்தனை தெரிகிறது. அரசாங்க அடையாளப் பத்திரம் இல்லாதவரும் 500 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம். மாதத்திற்கு 1,500 டாலர் வரை செலவழிக்கலாம். அதற்குமேல் வேண்டுமானால் அடையாளம் காட்டவேண்டும். வைத்திருக்கும் தொகைக்கு வட்டி இல்லை. வட்டி கொடுத்தால் மக்கள் வங்கிச் சேமிப்பை எல்லாம் இதற்கு மாற்றிவிடுவார்கள், பிறகு வங்கிகள் எதை வைத்துக் கடன் கொடுக்கும் என்ற அச்சமே உச்ச வரம்புக்கும் வட்டியின்மைக்கும் காரணம். எல்லா நாட்டு வரைவுகளிலும் இந்த அச்சத்தின் தடத்தைக் காணலாம்.

தேவை உண்மையானது, அமைப்பும் நன்று. இருந்தும் சாண்ட் டாலரின் அளவு, நாட்டில் புழங்கும் மொத்த நாணயத்தில் ஆண்டுகள் கடந்தும் 1 விழுக்காட்டை எட்டவில்லை. வணிக வங்கிகளும் அதனைத் தம் வாடிக்கையாளரிடம் கொண்டுசேர்க்க ஆர்வம் காட்டவில்லை. 2024ஆம் ஆண்டில், வங்கிகளை விதிமுறை வாயிலாகக் கட்டாயப்படுத்தப் போவதாக மத்திய வங்கி ஆளுநர் சான் ரோல் கூறவேண்டியதாயிற்று.

பகாமாசு ஒரு சிறிய நாடு. சூறாவளிதான் அதனைத் தூண்டியது. இருபது கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஒரு நாடு இதனைச் செய்தபோது நிகழ்ந்தது வேறு கதை. அந்த நாடு நைஜீரியா. மின்னிலக்க நாணயத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது என்னை மிகவும் நிறுத்தி வைத்தது இந்தக் கதைதான்.

2021 பிப்ரவரியில் நைஜீரிய மத்திய வங்கி, தனியார் மறையீட்டு நாணயங்களோடு தொடர்பு வைக்கக்கூடாதென வங்கிகளுக்குக் கட்டளையிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், பார்படோசு நாட்டின் ‘பிட்’ என்னும் நிறுவனத்தைத் துணையாகக்கொண்டு ‘இ-நைரா’வை உருவாக்கப் போவதாக அறிவித்தது. நாட்டின் விடுதலை நாளான அக்டோபர் 1 அன்று வெளியிடத் திட்டம். அதற்குள், அப்பெயர் தனக்குரியது என்று ஒரு நிறுவனம் நீதிமன்றம் சென்றது. வெளியீடு தள்ளிப்போய், அக்டோபர் 25ஆம் நாள் தலைநகர் அபுசாவில் அதிபர் முகம்மது புகாரி அதனைத் தொடக்கி வைத்தார். பத்தாண்டுகளில் நாட்டின் உற்பத்தியை 2,900 கோடி அமெரிக்க டாலர் உயர்த்த அது துணைபுரியக்கூடும் என்று அவர் பேசினார். ஆளுநர் காட்வின் எமெஃபியேல் அறிவித்தபடி, முதலில் 50 கோடி இ-நைரா உருவாக்கப்பட்டு அதில் 20 கோடி வங்கிகளுக்கு வழங்கப்பட்டிருந்தது.

வங்கிக் கணக்கில்லாத மக்களைப் பொருளியல் அமைப்புக்குள் கொண்டுவருவதே நோக்கம் என்றார்கள். வயது வந்தோரில் ஏறத்தாழ 3 கோடியே 80 இலட்சம் பேர் அந்நிலையில் இருந்தனர். நோக்கம் அரியது. ஆனால் தொடக்கத்தில் இ-நைராப் பணப்பையைத் திறப்பதற்கு வங்கிக் கணக்கு இருக்கவேண்டும்! வங்கிக் கணக்கில்லாதவருக்காகச் செய்த பணத்தை வாங்க வங்கிக் கணக்கு வேண்டும் என்பதை என்னவென்று சொல்வது? நீந்தக் கற்றபின் குளத்தில் இறங்கு என்பதுபோல் இருக்கிறது. திறன்பேசி இல்லாதவரும் சாதாரணக் கைப்பேசியில் எண்களை அழுத்திப் பயன்படுத்தும் வசதி 2022 ஆகஸ்டில்தான் வந்தது.

வங்கிக் கணக்கு உள்ளவர்க்கோ அதில் புதிதாகப் பெற ஏதுமில்லை. கைப்பேசி வழியே பணம் அனுப்புவது நைஜீரியாவில் ஏற்கெனவே பழகிப்போன ஒன்று. வங்கிகளுக்கும் இலாபமில்லை, தம் வைப்புத்தொகை குறையும் என்ற கவலையே மிச்சம். அவ்வாண்டு அக்டோபரில், மூன்று சக்கர வாடகை வண்டிகளில் இ-நைராவால் கட்டணம் செலுத்தினால் 5 விழுக்காடு தள்ளுபடி என்று மத்திய வங்கியே அறிவிக்கும் நிலை ஏற்பட்டது. ஒரு நாட்டின் நாணயத்தைக் கடைப்பொருள்போல் தள்ளுபடி தந்து மக்கள் கையில் சேர்க்கவேண்டி வந்ததே, அதை நினைத்துப் பாருங்கள். முதலாண்டைப் பற்றி அனைத்துலகப் பண நிதியம் 2023 மே மாதம் வெளியிட்ட ஆய்வு ஒரு கணக்கைத் தந்தது: எந்த ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டாலும், திறக்கப்பட்ட பணப்பைகளுள் 98.5 விழுக்காடு அந்த வாரத்தில் ஒரு முறைகூடப் பயன்படுத்தப்படவில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது தோல்வியுற்ற ஒரு திட்டத்தின் கதையாக முடிந்திருக்கும். ஆனால் 2022 அக்டோபர் 26 அன்று அதே மத்திய வங்கி இன்னோர் அறிவிப்புச் செய்தது. 200, 500, 1,000 நைராத் தாள்கள் புதிய வடிவில் வரும். பழையவை 2023 ஜனவரி 31க்குப் பிறகு செல்லா. புழக்கத்திலிருந்த 3.23 டிரில்லியன் நைராவில் 2.73 டிரில்லியன் வங்கிகளுக்கு வெளியே பதுங்கியிருப்பதாகவும், கள்ளத்தாள், கடத்தல் பணயம் ஆகியவற்றைத் தடுக்கவேண்டும் என்றும் காரணம் கூறப்பட்டது. பிப்ரவரி 25இல் அதிபர் தேர்தல்; வாக்குக்குப் பணம் கொடுப்பதைத் தடுப்பதும் ஒரு நோக்கமாகப் பேசப்பட்டது.

மக்கள் பழைய தாள்களை வங்கியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். புதிய தாள்கள் போதுமான அளவு வரவில்லை. கெடு பிப்ரவரி 10 வரை நீட்டிக்கப்பட்டும் பயனில்லை. வங்கி வாயிலிலும் ஏ.டி.எம். இயந்திரங்களின் முன்னும் நாள்முழுதும் வரிசை. கணக்கில் பணம் இருந்தும் கையில் காசில்லாமல் சந்தை வணிகர், தினக்கூலிகள், பேருந்துப் பயணிகள் எல்லாரும் தவித்தனர். தெருவோர முகவரிடம் தன் சொந்தப் பணத்தைத் தாளாகப் பெறுவதற்கு நூற்றுக்கு இருபதுவரை தரகு கொடுத்தவர்கள் உண்டு. பெனின், வாரி முதலிய நகரங்களில் கலவரம் மூண்டது. வங்கிக் கிளைகள் தாக்கப்பட்டன.

இங்கேதான் நான் சிந்திக்கும் இடம். தாள் இல்லை, மின்பணமோ ஆயத்தமாக இருக்கிறது, அரசும் ஊக்குவிக்கிறது. இ-நைராவுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வாய்த்திருக்காது. பணப்பைகளின் எண்ணிக்கை 2023 மார்ச்சுக்குள் 1 கோடியே 30 இலட்சமாக உயர்ந்தது உண்மை. அக்டோபரில் இருந்ததைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல்! ஆனால் பணப்பரிமாற்றத்தின் மதிப்பு அந்த வேகத்தில் வளரவில்லை. 63 விழுக்காடு உயர்ந்து 2,200 கோடி நைராவில் நின்றது. அந்த நெருக்கடியில் மின்வழிப் பணம் செலுத்தலுக்கு மாறிய பெருங்கூட்டம் சென்று சேர்ந்தது ஓபே, பாம்பே போன்ற தனியார் செயலிகளிடம். தம் தாளை ஓர் அறிவிப்பால் செல்லாததாக்கிய நிறுவனத்தின் மற்றொரு பணத்தை மக்கள் எந்த நம்பிக்கையில் ஏற்பார்கள்? பொருளியல் அறிஞர்கள் வேறு காரணங்களையும் சொல்வார்கள்: சேவைத் தரம், முகவர் வலைப்பின்னல், விளம்பரம் என்று. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் புதிய பணத்தை மக்கள் எடைபோடுவது பழைய பணத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்துத்தான் என்று நான் துணிந்து சொல்வதற்குக் காரணம், இதற்கு ஒப்பான ஒரு நிகழ்ச்சி நம் மண்ணிலேயே நடந்திருப்பதுதான்.

1967ஆம் ஆண்டுக்கு முன்பு மலாயா, சிங்கப்பூர், சரவாக், வடபோர்னியோ, புருணை ஆகிய எல்லாப் பகுதிகளிலும் ஒரே நாணயம் புழங்கியது. மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நாணய ஆணையர் வாரியம் வெளியிட்டது அது. சிங்கப்பூர் பிரிந்தபின் பொது நாணயம் தொடர்வதற்கான பேச்சு 1966இல் முறிந்தது. 1967 ஜூன் 12ஆம் நாள் மலேசியாவும் சிங்கப்பூரும் புருணையும் தத்தம் நாணயங்களை வெளியிட்டன. பேங்க் நெகாராவின் முதல் தாள்கள் துவாங்கு அப்துல் ரகுமானின் உருவத்தோடும் ஆளுநர் இஸ்மாயில் முகமது அலியின் கையொப்பத்தோடும் வந்தன. (‘ரிங்கிட்’ என்பது அதிகாரமுறைப் பெயரானது 1975இல்தான், நம்மவர்க்கு அன்றும் இன்றும் ‘வெள்ளி’தான்!) பழைய தாள்கள் உடனே செல்லாமற் போகவில்லை. புதிய வெள்ளியும் பழைய வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று, எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அவசரமில்லை. புதுநாணய வெளியீடுகளில் இஃது ஒரு நல்ல முறையாகும். மக்களை விரட்டாமல் பழக விட்டார்கள்.

ஆனால் வடிவத்தில் ஒரு விரிசல் இருந்தது. பழைய தாள்களுக்குப் பின்புலமாக இருந்த கையிருப்பு பிரிட்டிஷ் பவுனில் இருந்தது. புதிய வெள்ளியின் பின்புலமோ பொன்னும் பல நாட்டு நாணயங்களும் கலந்தது. இரண்டும் சமமென்று கடையிலும் சந்தையிலும் கொடுத்து வாங்கிய மக்களுக்கு இவை வெவ்வேறு வேர்களில் நிற்பவை என்பது எப்படித் தெரியும்? 1967 நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டிஷ் அரசு தன் பவுனின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. மலேசியா தன் புதிய வெள்ளியின் மதிப்பைக் குறைக்கவில்லை. பழைய வெள்ளியோ பவுனோடு சேர்ந்து விழுந்தது. ஒரு பழைய வெள்ளிக்கு இனி 85 காசு என்றாயிற்று.

ஐந்து மாதங்களுக்கு முன் சமமென்று சொன்ன பணத்தில் நூறு வெள்ளி வைத்திருந்தவருக்கு ஒரே நாளில் பதினைந்து வெள்ளி போயிற்று. யாரிடம் பழைய தாள் மிகுதியாகத் தங்கியிருக்கும்? வங்கியோடு நாள்தோறும் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த வணிகரிடம் வங்கி வழியே புதுத்தாள் வந்து சேர்ந்திருக்கும். தகரப் பெட்டியிலும் துணி முடிச்சிலும் சேமித்தவர்களிடம்தான் பழையது கிடந்திருக்கும். நம் தோட்டப்புறப் பாட்டிமார் அப்படிச் சேமித்தவர்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பினாங்கில் தொழிலாளர் கட்சியினர் நவம்பர் 24ஆம் நாள் முழுக் கடையடைப்புக்கு அழைப்பு விடுத்தனர். கடையடைப்பு கலவரமாகி, இனமோதலாக மாறிப் பல உயிர்கள் போயின; ஊரடங்கு போடப்பட்டது. அந்நாள் நிதியமைச்சர் துன் தான் சியூ சின், புதிய வெள்ளியின் மதிப்பைக் காத்ததில் பொருளியல் நோக்கில் தவறிழைத்தார் என்று நான் கூறமாட்டேன். வலுவான நாணயம் நாட்டுக்கு நன்மை தந்தது. ஆனால் அந்நன்மைக்கான விலையைப் பழைய தாள் வைத்திருந்தவர் தலையில் வைத்ததுதான் கொடுமை. பழைய தாள்கள் 1969 ஜனவரி 16 அன்று முற்றிலும் செல்லாதனவாயின. கலவரத்தைப் பற்றி இன ஒற்றுமைப் பாடத்தில் பேசுகிறோம். அதன் தொடக்கம் ஒரு நாணயத்தின் இரு வேர்களில் இருந்தது என்பதையும் மேல்நிலை மாணவர்க்குச் சொல்லலாம். கணித ஆசிரியருக்கும் அதில் ஒரு நல்ல விழுக்காட்டுக் கணக்கு கிடைக்கும்.

நைஜீரியாவுக்கும் பினாங்குக்கும் வேறுபாடுகள் பல. ஒன்றில் தாள் கிடைக்கவில்லை; மற்றொன்றில் தாளின் மதிப்பு குறைந்தது. ஒன்று மத்திய வங்கியே வரவழைத்தது. மற்றொன்று இலண்டனில் முடிவானது. ஆனால் இரண்டிலும் மக்கள் கேட்ட கேள்வி ஒன்றே: என்னிடம் இருப்பது நாளைக்கும் செல்லுமா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் எத்தனை மறையீட்டு நுட்பம் சேர்த்தாலும் பயனில்லை. மின்னிலக்க நாணய வரைவுகளில் எனக்குக் குறையாகப் படுவதும் அதுவே. பணப்பை எத்தனை படிநிலை, உச்ச வரம்பு எவ்வளவு, இணையம் இல்லாதபோது எப்படி என்பனவற்றையெல்லாம் விரிவாகப் பேசுகிறார்கள். தாளையும் சில்லறையையும் எத்தனை ஆண்டுகள், எந்த நிபந்தனையோடு காப்போம் என்பதை அதே அளவுக்குச் சட்டத்தில் எழுதி வைக்க முன்வருபவர்கள் குறைவு.

நைஜீரியாவில் அதனை நீதிமன்றம் செய்ய வேண்டியிருந்தது. 2023 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் பழைய தாள்கள் அவ்வாண்டு டிசம்பர் 31 வரை செல்லும் என்றது. நவம்பரில் அந்தக் கெடுவையும் நீக்கிற்று. எமெஃபியேல் அதற்கு முன்பே, ஜூன் 9 அன்று, பதவியிலிருந்து இடைநிறுத்தப்பட்டிருந்தார்.

நம் வட்டாரத்தில் என்ன நிலை என்று கேட்பீர்கள். பேங்க் நெகாராவும் சிங்கப்பூர் நாணய ஆணையமும், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகியவற்றின் மத்திய வங்கிகளோடு சேர்ந்து, 2021, 2022ஆம் ஆண்டுகளில் ‘டன்பார்’ என்னும் ஆய்வில் ஈடுபட்டன. அது வங்கிகளுக்கிடையே நாடுகடந்து பணம் அனுப்புவது பற்றியது. உங்கள் பணப்பைக்கு வருவதன்று. பொதுமக்களுக்கான மின்னிலக்க வெள்ளிக்கு அவசரத் தேவையில்லை என்று 2021இல் சிங்கப்பூர் ஆணையம் கூறியது. இந்தியா 2022 டிசம்பர் 1 அன்று பொதுமக்களுக்கான மின்னிலக்க ரூபாயைச் சோதனை முறையில் தொடங்கிற்று. அது தனியே எழுதவேண்டிய பொருள்.

சிங்கப்பூரின் மற்றொரு நிகழ்ச்சியையும் குறிப்பிட வேண்டும். அது மத்திய வங்கியின் பணமன்று, பேருந்து, இரயில் கட்டண அட்டை. 2024 ஜனவரி 9 அன்று நிலப் போக்குவரத்து ஆணையம், பெரியவர்களுக்கான பழைய வகைப் பயண அட்டைகளை ஜூன் முதல் நிறுத்திவிட்டு அவர்களைச் ‘சிம்ப்ளிகோ’ முறைக்கு மாற்றப் போவதாக அறிவித்தது. புதிய முறையில் நுழைவாயிலில் அட்டையைத் தட்டும்போது மீதித்தொகை திரையில் தெரியாது. அதைக் கைப்பேசிச் செயலி போன்ற வேறு வழிகளில் பார்க்கவேண்டும். பயணிகள் பலர் எதிர்த்தனர். மீதி எவ்வளவு என்பது தம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. ஜனவரி 22 அன்று போக்குவரத்து அமைச்சர் சீ ஹொங் டாட் அம்முடிவைக் கைவிடுவதாக அறிவித்தார். பழைய முறையைக் குறைந்தது 2030 வரை நீட்டிக்க 4 கோடி வெள்ளி கூடுதலாக ஒதுக்கப்பட்டது.